பதினொன்றாவது வரி

1

இந்தக் கதை ஒரு சொட்டிலிருந்து வந்தது. நேற்று, 2006 பெரிய வெள்ளி, திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயில். சிலுவையை முத்தி செய்யும் வரிசையில் இருதயநாதனுக்குப் பின்னால் நான் நின்றேன். அவன் முத்தமிட முழங்காலிட்டுக் குனிந்தபோது சிலுவை மரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. உபதேசியார் சூசை வெள்ளைத் துணியால் அதைத் துடைத்துவிட்டு என்னிடம் முணுமுணுத்தார்: "அழுவுறாருய்யா மனுசன். எம்புட்டு பக்தி பாருங்க!"

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

பாவத்தின் பாரம் தாங்காமல் ஒரு மனிதன் (அடித்துவிட்டேன்.)

அவன் கண்ணீரைச் சிலுவை (இதையும்.)

அந்தச் சொட்டு கண்ணிலிருந்து விழவில்லை. இதை அடிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும்.

2

இருதயநாதன் எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் இங்கிலீஷ். நான்கைந்து வருடங்களாக அவனைத் திமிர் பிடித்தவன் என்றுதான் எல்லோரும் சொன்னோம். பக்கத்தில் நடந்து வணக்கம் சொன்னால் திரும்ப மாட்டான். செம்பட்டியில் ரோட்டோரம் நின்ற மாட்டின் மேல் டி.வி.எஸ். ஃபிப்டியை விட்டான். பிறகுதான் தெரிந்தது, அவனுக்கு நேரே இருப்பது மட்டும் தெரிந்தது. இரண்டு பக்கமும் இருட்டு. மூளைக்கு அடியில் ஒரு கட்டி, கண் நரம்பை அமுக்கிக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மூக்கு வழியாக. குழாய் முனையில் கேமராவாம். மண்டையோட்டின் அடி எலும்பில் சின்னதாக ஓட்டை போட்டு, கட்டியைச் சுரண்டி எடுத்து, தொடையிலிருந்து கொஞ்சம் கொழுப்பை வெட்டி ஓட்டையை அடைத்தார்களாம்.

ஊர் நம்பவில்லை. மொட்டை இல்லை, தலையில் தழும்பு இல்லை. "மூளையில ஆபரேசன்னு போன ஆளுக்குத் தொடையில தையல் போட்டு அனுப்பியிருக்கான். நல்லா விசாரிச்சீங்களா?" என்று சூசை கேட்டார். எனக்கும் அப்போது சந்தேகம்தான். (அடுத்த மாதமே அவன் எனக்குத் தூரத்திலிருந்து வணக்கம் சொன்னான். சந்தேகம் அப்போதும் முழுசாகப் போகவில்லை. என் குணம் அது.)

3

இந்தக் கதையில் எனக்கு ஒத்துவராத பாத்திரம் லிடியா, அவன் மனைவி. சந்தேகப்படும் மனைவி என்றால் சலித்துப்போன விஷயம். மாற்றி எழுதலாமென்று பார்த்தேன். ஆனால் இன்று காலை, சனிக்கிழமை, அவளே வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஸ்டீபன் சார், நீங்க அவரு கூட்டாளி. ஒளிக்காமச் சொல்லுங்க. செபமாலை சொல்றப்பக் குனிஞ்சாலும் அழுவுறாரு, செருப்பு மாட்டக் குனிஞ்சாலும் அழுவுறாரு. என்னான்னு கேட்டா சளிங்கிறாரு. தெளிஞ்ச தண்ணி கணக்கா ஒழுகுற சளி எங்கயாச்சும் உண்டா? யாரையோ நெனச்சு அழுவுறாரு சார்."

"அப்படியெல்லாம் இருக்காதும்மா."

"கோயில்ல எல்லாரும் அவரப் புனிதரு மாதிரிப் பாக்குறாங்க. திமிர் புடிச்சவன்னு சொன்ன அதே ஆளுங்க. அவருக்கும் அது புடிச்சிருக்கு. எனக்குத்தான் நம்ப முடியல."

நான் அவளுக்குக் காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

4

இந்த இடத்தில் வாசகர் என்னைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கண்ணீரில்லை என்று தெரிந்தவன் ஏன் வாயைத் திறக்கவில்லை?

முதல் பிரதியில் இந்தப் பகுதி இப்படி இருந்தது: அவன் வீடு திரும்பிய அன்று, ஆஸ்பத்திரி தந்த இங்கிலீஷ் தாளை நான்தான் முழுவதுமாகத் தமிழில் வாசித்துச் சொன்னேன்.

'முழுவதுமாக' என்பது பொய்.

நலம் விசாரிக்க வந்தவர்களால் வீடு நிறைந்திருந்தது. பதினான்கு வரிகள். மூக்கைச் சிந்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று கணீரென்று வாசித்துக்கொண்டே போனேன். பதினொன்றாவது வரியில் ரைனோரியா என்றொரு சொல். அதற்கு முன்னால் அதைவிட நீளமாக இன்னொன்று. இருபத்திரண்டு வருடம் இங்கிலீஷ் நடத்தியவன், அத்தனை பேர் முன்னால் தடுமாறுவதா? பன்னிரண்டுக்குத் தாவிவிட்டேன். (ஆஸ்பத்திரியிலும் வாயால் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். அவன் அன்று மருந்து மயக்கத்தில் தலையாட்டியிருப்பான். இது நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம்.)

நேற்று சொட்டைப் பார்த்துவிட்டு வந்துதான் அகராதியைப் புரட்டினேன். மூளையைச் சுற்றியிருக்கும் நீர் மூக்கு வழியாக ஒழுகுவது. அந்த வரி சொன்னது இதுதான்: குனியும்போது தெளிந்த நீர் வடிந்தால் உடனே வரவும், காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து.

ஆக, காலையில் லிடியா என் எதிரில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு எல்லாம் தெரியும். சொன்னால் தாவிய வரியையும் சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

5

முடிவுகள்.

அ) லிடியாவின் சந்தேகம் சரி. இன்னொரு பெண். (மட்டமான முடிவு. ஒரு நல்ல மனிதன் மேல் பழி.)

ஆ) ஈஸ்டர் அன்று இருதயநாதன் சாகிறான். அழுதழுதே போன புண்ணியவான் என்று ஊர் பேசுகிறது. பதினொன்றாவது வரி யாருக்கும் தெரியாமலே போகிறது. (எழுத்தாளனுக்கு மிகவும் பிடித்த முடிவு. அவனை நம்பாதீர்கள்.)

இ) மதியம் இரண்டு மணிக்கு லிடியா போன் செய்தாள். "சார், தலவலி தாங்கலன்னு படுத்துட்டாரு. உடம்பு கொதிக்குது. ரெண்டு பேரும் நேத்து கோயில் வாசல்ல வெயில்ல நின்னோம்ல, அதான் போல. கசாயம் வச்சுக் குடுத்துருக்கேன்."

இது முடிவில்லை, நடந்தது. இப்போது மணி இரண்டு நாற்பது. அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. நாற்பது நிமிடமாக நான் முடிவு தேடிக்கொண்டிருக்கிறேன்.

செருப்பை மாட்டிவிட்டேன் என்று எழுதுகிறேன். நம்பாதீர்கள். செருப்பை மாட்டியவன் கையில் பேனா எதற்கு? "லிடியா, அந்தத் தாள எடும்மா, நான் ஒரு வரிய வாசிக்காம விட்டுட்டேன்" என்று அவள் வாசலில் நின்று சொல்வதை இங்கே எழுத மாட்டேன். அங்கே போய்த்தான் சொல்ல வேண்டும்.

இதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தால், நான் போகவில்லை.