மாமனார் வாசலுக்கு ஒரு பம்பர்

மாரியம்மன் திருவிழாவுக்குச் சரியாகப் பதினொரு நாள் இருக்கும்போது செல்லக்கண்ணுவின் பிக்கப் வண்டியை ஒரு காட்டுமாடு இடித்துவிட்டுப் போனது. மாட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி நின்று, இவ்வளவுதானா என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டியது. வண்டியின் பிளாஸ்டிக் பம்பர்தான் இரண்டாகப் பிளந்து ரோட்டை உரசிக்கொண்டு தொங்கியது.

வேறு சமயமாக இருந்தால் கம்பி போட்டுக் கட்டி ஓட்டியிருப்பான். அவன் ஏற்றுகிற பச்சை இலைக்கும் இஞ்சி மூட்டைக்கும் பம்பரின் அழகைப் பற்றி என்ன கவலை? ஆனால் இந்த வருஷம் அம்மன் ஊர்வலம் வருவது அவன் வண்டியில். நாலு வருஷமாக விழாக் கமிட்டியின் பின்னால் அலைந்து, அதுவரை அம்மனைச் சுமந்த எஸ்டேட் டிராக்டரின் என்ஜின் படுத்துக்கொண்ட புண்ணியத்தில் கிடைத்த வாய்ப்பு அது. எஸ்டேட்டில் தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக நாலு லயங்களில் இருந்தன. நாலுக்கும் அம்மன் போவாள். நாலாம் லயத்தில் முதல் வீடு, அவன் மாமனார் மாரிச்சாமியின் வீடு.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஃபேக்டரியின் நிரந்தர வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு செல்லக்கண்ணு இந்த வண்டியை வாங்கியபோது, மாரிச்சாமி அதிகம் பேசவில்லை. "மாசச் சம்பளத்த உதறிட்டு டயர நம்பிப் போறவன் வண்டி என் வாசல்ல நிக்கக் கூடாது" என்றார். அன்றோடு மருமகனிடம் பேச்சு நின்றது. மகள் பேச்சியம்மா மட்டும் போவாள், வருவாள். செல்லக்கண்ணு அவளை நாலாம் லயத்துக்கு ஏறும் வளைவுக்குக் கீழேயே இறக்கிவிட்டு, பலா மரத்தடியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான். ரோஷக்காரன்தான், ஆனாலும் வருத்தம் இருந்தது. போன தீபாவளிக்கு மேலே மாமனார் வாசலில் வெடித்த பட்டாசைக் கீழே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

வண்டியை வேண்டாம் என்று மாமனார் சொல்லலாம். அம்மனை எப்படிச் சொல்வார்? அம்மனோடு போய் அந்த வாசலில் நிற்கிற வண்டி பல் போன மூஞ்சியோடு நிற்கக் கூடாது. இதுதான் செல்லக்கண்ணுவின் முழு யோசனையும்.

அடுத்த நாளே பேச்சியம்மாவையும் ஏற்றிக்கொண்டு கூடலூருக்குப் போனான். வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் பிலோமி, தொங்குகிற பம்பரைப் பார்த்ததும், "யானைங்களா, மாடுங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"மாடு" என்றான்.

"அப்ப தப்பிச்சீங்க." அவள் ஒரு பிளாஸ்டிக் பம்பரை எடுத்து முன்னால் வைத்தாள். "இது பழசு மாதிரியேதான் இருக்கும்ங்கண்ணா. வண்டியோட வந்த அளவு."

"மறுபடியும் மாடு வந்தா?"

"மறுபடியும் எங்கிட்டத்தான் நீங்க வரணும்."

செல்லக்கண்ணுவின் கண் சுவரில் மாட்டியிருந்த கம்பிக்கூண்டு போன்ற ஒன்றின் மேல் போனது. பிலோமி வேண்டாமென்று தலையாட்டினாள். "அது வேண்டாம்ங்க. செக்போஸ்ட்ல நிறுத்திக் கழட்டச் சொல்லிருவாங்க. நான் விக்கறதையே விட்டுட்டேன்."

அதற்குள் அவன் மூன்றாவதைப் பார்த்துவிட்டான். கறுப்பு இரும்பு. இரண்டு பக்கமும் உருண்டையாகப் பனிமூட்ட விளக்கு, நடுவில் கயிறு மாட்ட இரண்டு கொக்கி. பெண் பார்க்கப் போன அன்றுகூட அவன் முகம் இப்படி மலரவில்லை என்று பேச்சியம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நல்ல சாமான்தான்" என்றாள் பிலோமி. "ஆனா ஒரு சாண் முன்னாடி துருத்திட்டு நிக்கும்ங்கண்ணா. நீங்க போற வழியில நெருக்கமான வளைவு இருக்குதுங்களா?"

"மலையில வளைவு இல்லாத ரோடு எங்கம்மா இருக்கு? ஒரு ரிவர்ஸ் போட்டா எல்லா வளைவும் திரும்பிரும்."

பேச்சியம்மா அவன் சட்டையை இழுத்தாள். "ஏங்க, அந்த பிளாஸ்டிக்கே போதும். வாழ மரம் கட்டுறது இரும்புலயா, பிளாஸ்டிக்லயான்னு அம்மனா பாக்கப் போறா?"

"அம்மன் பாக்க மாட்டா. உங்கப்பா பாப்பாரு."

அவள் சட்டையை விட்டுவிட்டு, விளக்கு மஞ்சளாக எரிகிறதா என்று போட்டுக் காட்டும்படி பிலோமியிடம் கேட்டாள். செல்லக்கண்ணு அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டான். பம்பர் கடைக்கு வெளியிலேயே பூட்டப்பட்டது. திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு டீக்கடையிலும் தேவையே இல்லாமல் வண்டி நின்றது.

"ஒருக்கா நாலாம் லயம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வாங்களேன்" என்று விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் பேச்சியம்மா சொன்னாள். அந்த வளைவில் அவன் ஒரு தரம்கூட வண்டியை ஏற்றியதில்லை.

"உங்கப்பன் வாசலுக்கு அம்மனோடதான் போவேன்" என்றான்.

ஊர்வலம் பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டது. இருட்டினால் யானை இறங்கிவிடும் என்பதால் எப்போதும் பகலில்தான். பம்பரின் இரண்டு பக்கமும் வாழை மரம், கொக்கிகளில் செவந்திச் சரம். பின்னால் பூப்பந்தலுக்கடியில் அம்மன் உட்கார்ந்திருந்தாள். பூசாரி அம்புலி வருஷா வருஷம் சொல்வதை இந்த வருஷமும் சொன்னார். "புறப்பட்ட அம்மன் முன்னாலதான் போகணும். ஒரு அடி பின்னால வரக் கூடாது." பிறந்ததிலிருந்து கேட்கிற வார்த்தை என்பதால் செல்லக்கண்ணு அதைச் சரியாகக் காதில் வாங்கவே இல்லை. சாமி வண்டி ரிவர்ஸ் போகாது என்பது அவனுக்குத் தெரியும். அந்த வண்டியை ஓட்டப்போவது தான் என்பதுதான் கடையில் நின்றபோது அவன் புத்தியில் ஏறவில்லை.

மூன்று லயம் ஜாம் ஜாமென்று முடிந்தது. பிள்ளைகள் பனிமூட்ட விளக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். பெரியவர்கள் எவ்வளவு ஆச்சு என்று கேட்டார்கள். பலா மரம் தாண்டி வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தான். வலது பக்கம் கல் கட்டுச் சுவர், இடது பக்கம் வாய்க்கால். வண்டி முக்கால்வாசி திரும்பியதும் பம்பரின் முனை கல்லில் கிறீச்சென்று உரசி நின்றது.

கை தன்னால் ரிவர்ஸ் கியருக்குப் போனது. பூசாரி ஓடிவந்து பானெட்டில் அடித்தார். "செல்லக்கண்ணு, கைய எடு."

எடுத்தான். மேளக்காரர்கள் ஒன்றும் தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அம்மனை இறக்கித் தோளில் தூக்கிப் போகலாமா என்று ஒருவர் கேட்டார், வழியில் இறக்கக் கூடாது என்று பூசாரி மறுத்தார். முன்பக்கத்தைப் பத்துப் பேர் தூக்கி நகர்த்தலாம் என்றார் இன்னொருவர். வாய்க்கால் பக்கம் கால் வைக்க இடமில்லை. நாலாம் லயத்தில் பன்னிரண்டு வீட்டு வாசலிலும் கோலம் போட்டுக் காத்திருந்தார்கள். முதல் வாசலில் கையில் தாம்பாளத்தோடு நின்ற மாரிச்சாமி மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். செல்லக்கண்ணுவுக்கு அந்த வாய்க்காலுக்குள்ளேயே குதித்துவிடலாம் போல இருந்தது.

பேச்சியம்மாதான் சீட்டுக்கடியில் கிடந்த ஸ்பேனரை எடுத்து அவன் கையில் திணித்தாள். "கழட்டுங்க."

அவன் ஒரு வினாடி பம்பரைப் பார்த்தான். மனசு கேட்கவில்லைதான். பிறகு வாழை மரங்களை அவிழ்த்து அவளிடமும் பக்கத்தில் நின்றவளிடமும் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தான். இரண்டு போல்ட்டு கழன்றது. மூன்றாவது அசையவே இல்லை. பிலோமியின் ஆள் அவ்வளவு நேர்மையாக முடுக்கியிருந்தான்.

தலைமாட்டில் இரண்டு பாதம் வந்து நின்றது. கூடவே ஒரு இரும்புக் குழாய்த் துண்டு நீண்டது. "இத ஸ்பேனர் பிடியில சொருகி இழு" என்றது குரல். மாமனாரின் குரல்தான். செல்லக்கண்ணு சொருகி இழுத்தான். போல்ட்டு முனகிக்கொண்டு திரும்பியது. நாலாவதும் அப்படியே.

பம்பர் விழாமல் மாரிச்சாமி ஒரு முனையைத் தாங்கிப் பிடித்தார். கனம் கையில் ஏறியதும் முகம் சுளித்தார். "இத எங்க வைக்கிறது?" என்று செல்லக்கண்ணு கேட்டான். அம்மன் பக்கத்தில் போட முடியாது. ரோட்டிலும் இடமில்லை.

"என் வாசலுக்குத் தூக்கு" என்றார் மாரிச்சாமி.

ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் சாய்த்தார்கள். செல்லக்கண்ணு ஓடிவந்து வண்டியை எடுத்தான். கல் கட்டுக்கும் வண்டிக்கும் நடுவே நாலு விரல் இடம்விட்டு வளைவு திரும்பியது. பேச்சியம்மாவும் அந்தப் பெண்ணும் வாழை மரங்களைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் நடந்து வந்தார்கள். முன்னால் வெறும் சேஸிஸ் இரும்பும் தொங்குகிற ஒயருமாக வண்டி மாமனார் வாசலில் போய் நின்றது. ஜனங்கள் சிரித்தார்கள். செல்லக்கண்ணுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாரிச்சாமி அம்மனுக்கு ஆரத்தி எடுத்தார். பிறகு வண்டியின் முன்னால் வந்து, பொட்டு வைக்க இடம் தேடி, நீட்டிக்கொண்டிருந்த இரண்டு இரும்பு முனையிலும் குங்குமம் வைத்தார். டிரைவர் ஜன்னலுக்கு வந்து, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்.

"அது இங்கயே கெடக்கட்டும் மாப்ள. கனமா இருக்கு, கையில தூக்கிட்டுப் போக முடியாது. நாளைக்கு வண்டியக் கொண்டாந்து ஏத்திக்கங்க."

"எத்தன மணிக்கு வரட்டும் மாமா?" என்றான் செல்லக்கண்ணு.

"சோத்து நேரத்துக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, வண்டி அடுத்த வீட்டுக்குப் போக மாரிச்சாமி ஒதுங்கி வழிவிட்டார்.