போட்டோவுக்கு முன் ஒரு சவரம்

பாலம்மா சவரக்கத்தியை இழுத்ததும் தோல்வாரில் ஒரு கீறல் விழுந்தது. ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த வாரை இடது கையால் இறுக்கிப் பிடித்து, புருஷன் பழனியாண்டி முன்பு செய்ததைப் போலத்தான் செய்தாள். அப்படித்தான் நினைத்தாள். கதிரையில் சாய்ந்திருந்த பழனியாண்டி அதைப் பார்த்துவிட்டு, "வேணாம்" என்றார்.

பக்கவாதம் வந்த பிறகு அவரிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். சோற்றை நீட்டினால் வேணாம் என்பார். உடனே வாயைத் திறந்து வாங்கிக்கொள்வார். கதவைச் சாத்தினாலும் வேணாம், திறந்தாலும் வேணாம். கண்டி நகரசபையில் தண்ணீர்க்குழாய் வேலை பார்த்தவர். அந்நகரின் மகியாவப் பகுதியில் தன் வீட்டு வாசலில் நின்றபடி தெருக்கோடி வரை கேட்கப் பேசியவர். அவருடைய எந்த வேணாம் உண்மையான வேணாம் என்பது பாலம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இன்று பாஸ்போட்டுக்காக அவரைப் போட்டோ பிடிக்க வேண்டும். இந்தியாவுக்குப் போக விரும்பிய தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களும் டவுன் குடும்பங்களும் பாஸ்போட் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஹுன்னஸ்கிரியாத் தோட்டத்தில் இருந்த அவளுடைய அண்ணன் கறுப்பையா, தான் புறப்படுவதோடு இவர்களையும் கூப்பிட்டான். "யோசிப்போம்" என்று சொல்லியிருந்தார் பழனியாண்டி. யோசித்து எந்த முடிவுக்கு வந்தார் என்று சொல்வதற்குள் விழுந்துவிட்டார். பாலம்மாவுக்கும் தெளிவில்லை. அண்ணனும் போய்விட்டால் தனக்கு யார் துணை என்று காலையில் தோன்றும். கண்ணால் பார்த்திராத ஊரில் இவரை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பது என்று மாலையில் தோன்றும்.

சலூன்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தபோது பழனியாண்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதனால்தான் கத்தி இப்போது அவள் கையில் இருந்தது.

பக்கத்து வீட்டு முஹைதீன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவரும் நீளக்கத்தியால் சவரம் செய்கிறவர்.

"தங்கச்சி, கத்திட வாய் முன்னுக்குப் போனா வார்த்தோல் அறுந்திடும். முதுகு முன்னுக்குப் போகோணும்."

"இவரு வாய முன்னால வச்சு தள்ளுறத நான் பாத்திருக்கேனே அண்ணே."

"அது சாணைக்கல்லுல. கல்லுல வாய் முன்னுக்கு, வார்ல முதுகு முன்னுக்கு. அழுத்தப்படாது. கத்திட கனமே போதும்."

கல்லை நனைத்து, கத்தியின் முதுகும் வாயும் ஒன்றாகப் படியும்படி வைத்துத் தள்ளினாள். கரகரவென்றிருந்த சத்தம் மெல்ல மெல்லத் தணிந்தது. பிறகு வாரில், இந்த முறை முதுகை முன்னால் விட்டு இழுத்தாள்; முடிவில் முதுகின் மேலேயே புரட்டித் திருப்பினாள். முன்கையில் வைத்துப் பார்த்தபோது பூனைமயிர் உதிர்ந்தது. இதாவது புரிந்ததே என்றிருந்தது.

நுரை பூசி, தொய்ந்திருந்த கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து வழித்தாள்.

"வேணாம்."

கையை எடுத்தாள். "எதுங்க வேணாம்? சவரமா? போட்டோவா? இந்தியாவுக்குப் போறதா, இல்ல இங்கன இருக்கிறதா?"

"வேணாம்."

அவருடைய வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நோய் வந்ததிலிருந்து அந்தக் கண் அப்படித்தான். அதை அழுகை என்றும் சொல்ல முடியாது. அவள் கத்தியை மடக்கப் போனாள். அவரோ தாடையை உயர்த்தித் தொண்டையைக் காட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வழித்து முடித்தாள். ஒரு துளி ரத்தமும் வரவில்லை. நல்ல கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தவர், பாதி வாயால் சிரித்தார்.

வெளியே வேன் ஹோர்ன் ஒலித்தது. "பாலம்மா, மச்சானக் கூட்டிக்கிட்டு வா! ஸ்டூடியோவுல காத்துக்கிட்டு இருக்காங்க!" என்று கறுப்பையா கத்தினான்.

"போலாமாங்க?"

பழனியாண்டி அவளையே பார்த்தார். உதடுகள் பிரிந்தன. அந்தச் சொல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. உதடுகள் மூடிக்கொண்டன.

ஹோர்ன் மறுபடி ஒலித்தது. அவர் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நுரையை அவள் முந்தானையால் துடைத்தாள். நுரை போன பிறகும் அதே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.