கையை விட்டுப் போன பந்து

அஸ்தினாபுரத்தில் அந்த வருஷம் எங்கள் தெருவுக்கு வந்த முதல் வீடியோ கேம் ஐசக் சார் வீட்டில்தான் இருந்தது. அதிலிருந்த பேஸ்பால் ஆட்டத்தில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. பந்தை எறிந்துவிட்டு, அது போகும் வழியிலேயே பட்டனால் இடமும் வலமும் வளைப்பார்.

அவர் மனைவி ஞானசௌந்தரி பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். பேஸ்பால் மாதிரியே, கொஞ்சம் பெரிய பந்தில் ஆடும் சாஃப்ட்பாலில் காலேஜ் அணிக்குப் பந்து எறிந்தவர். ஒரு சனிக்கிழமை அவருக்குப் பொறுக்கவில்லை.

"கையை விட்டுப் போன பந்தை எப்படிங்க திருப்ப முடியும்?"

"அப்படியே நிஜம் மாதிரியே செஞ்சிருக்கான் சௌந்தரி. அடிக்கிறதும் இவ்வளவு சுலபம்தான்."

"நாளைக்குச் சர்ச் முடிஞ்சு கிரவுண்டுக்கு வாங்க. நான் போடறேன், அடிச்சுக் காட்டுங்க."

"உன்னுது சாஃப்ட்பால் ஆச்சே?"

"அடிக்கிறவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ஜெயவேலு பந்தைப் பிடிக்கக் கிளவுஸ் மாட்டிக்கொண்டு ஐசக்கின் பின்னால் குந்தினான். நாங்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்தோம். டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எறிந்தார். பட்டென்று சத்தம். அதற்குப் பிறகுதான் ஐசக் மட்டையைச் சுழற்றினார்.

"இன்னா சார், பந்து என் கைல கீது, இப்ப சுத்துறீங்க!" என்றான் ஜெயவேலு.

ஒன்பது பந்துகள் அப்படியே போயின. ஐசக் சட்டை நனைந்து நின்றார்.

"பந்தைப் பார்க்கவே நேரம் இல்லையே, சௌந்தரி."

"பந்தைப் பார்க்காதீங்க. என் கையைப் பாருங்க. கிளம்பறப்பவே முடிவு பண்ணிடணும்."

அடுத்த பந்துக்கு ஐசக் மட்டையைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. மனைவியின் மணிக்கட்டையே பார்த்தார். 'டங்' என்று கேட்டது. பந்து டீச்சரின் தலைக்கு மேல் பறந்து தூரத்தில் விழுந்து உருண்டது.

நாங்கள் கூச்சல் போட்டோம். ஐசக் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, வாயெல்லாம் பல்லாகப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்தினார் டீச்சர்.

"நானா ஓடணும்? வீடியோ கேம்ல அவனே ஓடுவானே!"

டீச்சர் சிரித்துக்கொண்டே பந்தை எடுக்க ஓடினார். அப்போதுதான் ஐசக்கும் ஓடத் தொடங்கினார், போட்டுவிட்டு ஓட வேண்டிய மட்டையைக் கீழே போடாமலேயே.