கழுத்து எட்டும் தூரம்

மனைவியின் அண்ணனை அவர் என்றைக்குமே நம்பியதில்லை. மேய்ச்சல் நிலத்தைச் சீராக்க அரசு மானியம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். மாடு வளர்க்கும் இவருக்குக் கிடைத்தது. எதிர் நிலத்தில் ஆடு வளர்க்கும் மச்சானுக்குக் கிடைக்கவில்லை. வயிறு எரியாமல் இருக்குமா?

நிபந்தனை ஒன்றுதான். கம்பி வேலி போட்டு, புல் விதைத்து, ஆறு மாதம் எந்தக் கால்நடையும் வாய் வைக்காமல் காக்க வேண்டும். ஆய்வில் தேறினால் மீதி நிலத்துக்கும் மானியம் உண்டு. தேறாவிட்டால் பன்னிரண்டு மாடுகளில் பாதியைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான். தீனிக்கு வேறு வழியில்லை.

அதனால் தினமும் காலையில் இரண்டு நிலத்துக்கும் நடுவில் இருந்த வண்டிப்பாதையில் காவல் நின்றார். வெறுங்கையோடு நின்றால் மச்சான் உஷாராகிவிடுவாரே! சினைப்பசுவை நடக்கவிடுவது போலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதுகு தன் புல்லுக்கு, கண் மச்சானின் ஆடுகளுக்கு.

ஆறு மாதம் கழித்து ஆய்வாளர் வந்தார். எதிர் நிலத்திலிருந்து மச்சானும் வந்து நின்றார். உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புல். பாதையோர வேலியை ஒட்டி மட்டும் நீளத்துக்கும் மொட்டை.

"நான் நினைச்சேன்! எல்லாம் இவர் ஆடு பண்ற வேலை சார்."

"அப்படி எழுதினா இவருக்கு இனி மானியமே கிடைக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எழுதுங்க சார்!"

மச்சான் கோபப்படவில்லை. குனிந்து, பிய்ந்து நின்ற ஒரு புல்லைத் தொட்டார். "ஆடு கடிச்சா தரையோட ஒட்ட நறுக்கியிருக்கும் மாப்ள. இது நாக்கைச் சுத்திப் பிடிச்சு இழுத்தது."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது கையில் இருந்த கயிறு இழுபட்டது. பசு வழக்கம்போல் கம்பிக்கு நடுவே தலையை நுழைத்து, நிதானமாக ஒரு வாய் பிடுங்கியது. அதன் கழுத்து எட்டிய இடத்தோடு மொட்டையும் முடிந்திருந்தது.

ஆய்வாளர் பசுவைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்திருந்தவருக்கு வெட்கமாகிப்போனது.

"ஆடு இல்ல சார். என் மாடுதான். அப்படியே எழுதிக்குங்க."

ஆய்வாளர் எழுதிக்கொண்டு கிளம்பினார். தேறவில்லை.

"மாட்டை வித்துடாத மாப்ள," என்றார் மச்சான். "புல் வளர்ற வரைக்கும் என் நிலத்துல மேயட்டும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பசுவை இழுத்துக்கொண்டு நடந்தார். வீடு வரைக்கும் மனசு ஆறவேயில்லை. இந்த ஆள் எதுக்கு இவ்வளவு நல்லவனா இருக்கான்?