பட்ட மரத்துக் காளான்

டிரைவரின் மச்சினி கத்தி முனையால் காளான் ஒன்றைப் பெயர்த்தெடுத்தாள். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். வீட்டு வேலியோரத்து மல்பெரி மரத்தில் என்னவோ படர்கிறது, வந்து பார்த்துச் சொல் என்று டிரைவர்தான் போனில் கூப்பிட்டிருந்தார். பழுப்பும் சாம்பலுமாக வளையம் வளையமாய், விசிறியை விரித்தது போல அடிமரம் முழுக்க அடுக்கடுக்காய் முளைத்திருந்தது.

மரம் பட்டுப்போனது டிரைவருக்குத் தெரியும். மனைவியிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. வேறு யாராவது சொல்லித் தொலைக்கட்டும் என்றிருந்தார். மகன் கப்பல் வேலைக்குப் போகுமுன் நட்டுவிட்டுப் போன மரம். கப்பல் மூழ்கி இரண்டு வருடமாகிறது. ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. ‘காணவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் தினமும் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். “இலை உதிர்க்கிற மரந்தானே, துளிர்க்கும்” என்பாள். பக்கத்து வீட்டு மல்பெரி தழைத்தது, காய்த்தது, மொட்டையானது, மறுபடி தழைத்தது. இது மொட்டையாகவே நின்றது.

மனைவி வாளியோடு வந்தாள். “என்ன காளாண்டி அது? மருந்தடிச்சா போயிடுமா?”

மச்சினி லென்ஸை அடிப்பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “உசுருள்ள மரத்துல வர்றது வேற ஜாதி, அக்கா. தடியா, கட்டை மாதிரி இருக்கும். இது மெல்லிசு, வளையுது பாரு. அடியில ஊசி குத்தின மாதிரி துளை.” கொஞ்சம் தயங்கினாள். “இது செத்த மரத்துலதான் வரும்.”

“எப்ப செத்திருக்கும்?”

“இவ்வளவு பரவியிருக்குன்னா, ரெண்டு வருஷமாவது...” பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்ப இத்தனை நாளா விழாம ஏன் நிக்குது?”

மனைவி வாளியை அங்கேயே வைத்துவிட்டு, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல மெல்ல நடந்து உள்ளே போனாள்.

இனிமேலாவது வாய்விட்டு அழுவாள் என்று டிரைவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு சத்தமும் வரவில்லை.

“மாமா, போய் அக்கா பக்கத்துல உக்காருங்க.”

உள்ளே போய் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? குனிந்து வாளியைத் தூக்கினார்.

“இனிமே எதுக்கு மாமா?”

அவர் ஊற்றினார். தண்ணீர் பட்டையில் வழிந்தது. நனைந்த காளான்களில் வளையங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. ஓரங்களில் புதிதாக வளர்ந்த வெள்ளை விளிம்பு, பால் போல.