மலருக்கு ஒரு இனிஷியல்

வெள்ளிமலைப் பள்ளியிலிருந்து வீரமணி சார் போன் செய்தபோது காலை பத்து மணி இருக்கும்.

“இன்னாம்மா இது? மலர்னு இருக்கறத அமுக்குனா எழுத்து வரல. ரோஜாப்பூ, செம்பருத்திப்பூன்னு படமா வந்துகினு இருக்குது. புள்ளைங்க ஜாலியா பூ பாத்துகினு ஒக்காந்துனு இருக்குதுங்க.”

மலர் என்பது பிள்ளைகள் தமிழ் எழுத்துகளைத் தட்டிப் பழகும் மென்பொருள். மலைப் பள்ளிகளின் பழைய லேப்டாப்களில் லினக்ஸ் ஓடுகிறது. லினக்ஸோடு வராத இப்படிப்பட்ட பேக்கேஜ்களை ‘கல்வராயன்’ என்று எங்கள் மலையின் பெயரே வைத்த தனி இணையக் களஞ்சியத்தில் போட்டு, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள என் சர்வீஸ் கடையிலிருந்து நான்தான் பராமரிக்கிறேன். மலரை எழுதியவன் தியாகதுருகத்து இளவரசன். என் பெயர் மலர்விழி. இதற்கு மேல் விளக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். எங்கோ யாரோ ஒருவர் பூப்படங்களுக்கு ஒரு பேக்கேஜ் செய்து, அதற்கும் மலர் என்று பெயர் வைத்துவிட்டார். லினக்ஸின் பொதுக் களஞ்சியம் அதைச் சேர்த்துக்கொண்டது. எங்கள் மலரின் பதிப்பு எண் ஒன்று, அதனுடையது நான்கு. ஒரே பெயரில் இரண்டு இருந்தால், எண் பெரியதாக உள்ளதைத்தான் கம்ப்யூட்டர் புதியது என்று நினைக்கும். எங்களுடையதைத் தூக்கிவிட்டு அதை உட்காரவைத்துவிட்டது.

எங்கள் வகுப்பில் இரண்டு மலர்விழி. டீச்சர் அ. மலர்விழி, சி. மலர்விழி என்று கூப்பிட்டுச் சமாளித்தார். பேக்கேஜுக்கும் அதே வைத்தியம்தான், பெயருக்கு முன்னால் ஏதாவது ஒட்ட வேண்டும். இதை நான் ஆறு வருஷத்துக்கு முன்பே சொன்னேன். அப்போது இளவரசன் தினமும் பஸ் பிடித்து என் கடைக்கு வந்துகொண்டிருந்தான்.

“இனிஷியல் இல்லாம வெக்காத. நாளைக்கு வேற எவனாவது இதே பேர வெப்பான்” என்றேன்.

“உலகத்துலயே மலர் ஒன்னுதான். இப்ப இனிஷியல் போட்டா அப்பறம் மாத்தணும்ல?” என்று சிரித்தான்.

எங்கள் பக்கம் பெண்ணுக்கு இனிஷியல் மாறுவது கல்யாணத்தில்தான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன். அவன் புனேவுக்கு வேலைக்குப் போய்விட்டான். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பானைப் படம் அனுப்புவான், ஊருக்கே அனுப்புகிற படம். அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், பைத்தியக்காரி.

என்ன முன்னொட்டு போடுவது என்று நானே முடிவு செய்திருக்கலாம். பத்து நிமிஷ வேலை. ஆனால் அவனுக்கு எழுத ஒரு காரணம் கிடைத்தபோது அதை விட மனம் வரவில்லை. “மலர் பேரு மோதுது. உன் இனிஷியல் போட்டுக்கட்டுமா?” என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி, யோசிப்பதற்குள் அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. வீரமணி சார் நான்கு முறை கூப்பிட்டார், நான் ஏதேதோ சாக்குச் சொன்னேன். மேலே பிள்ளைகள் பூ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பாடம் என்னால்தான் நிற்கிறது என்று தெரிந்தும் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் வந்தது.

“ஆள் பேரு வேணாம் மலரு, ஆளு மாறும். களஞ்சியத்து பேரப் போடு, கல்வராயன்-மலர்னு. எல்லா பேக்கேஜுக்கும் அப்டியே போட்டுடு, இனிமே மோதாது. பராமரிப்பாளர்னு இருக்கற எடத்துல என் பேர எடுத்துட்டு உன் பேரப் போட்டுக்க.”

சரியான பதில். நானே இன்னொருவருக்குச் சொல்லியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். திரும்பத் திரும்பப் படித்தேன், ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அழுகை வந்தது.

பெயரை மாற்றினேன். அவன் பெயரை எடுத்துவிட்டு, அ. மலர்விழி என்று அடித்தேன். பிறகு வீரமணி சாரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, பூவை எடுக்கவைத்துப் புதியதைப் போடவைத்தேன். அவருக்குப் பின்னால் பிள்ளைகள் ‘அ, ஆ’ என்று கத்துவது கேட்டது.

“வந்துச்சும்மா!” என்றார். திரையிலிருந்த பெயரைப் படித்திருக்க வேண்டும், சிரித்தார். “இன்னாம்மா, உன் பேருக்கு மலையவே இனிஷியலா போட்டுகினியா?”

“ஆமாங்க சார்” என்றேன். “நான் ஒரு எழுத்துதான் கேட்டேன்.”