கடைசிச் சரணம்

அர்த்தனாரிக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். மலைமேலிருக்கும் குண்டூர் நாட்டு ஊர்களுக்கெல்லாம் தெரிந்த சேதிதான். அடிவாரத்திலிருந்து வந்த பாடகன் அருள்பிரகாஷ் திருவிழா மேடையில், “யாரு எழுதினதுன்னே தெரியாத மலைப்பாட்டுங்க” என்று ஆரம்பித்ததுமே காது மிளகாய்ப்பழமாகிவிட்டது. முப்பது வருடமாக மேடைதோறும் பாடி, கேசட்டும் போட்ட அர்த்தனாரியின் சொந்தப் பாட்டு அது. மலை வழக்கப்படி கடைசிச் சரணத்தில் தன் பேரையும் ஊரையும் வைத்திருந்தார். அருள்பிரகாஷ் அதை மட்டும் விழுங்கிவிட்டுக் கும்பிடு போட்டான்.

அர்த்தனாரி மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். “ஏனுங்க தம்பி, மிச்சத்த உங்கப்பனா பாடுவான்?”

“பாட்டே அவ்வளவுதானுங்க.”

மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டினார். மரவள்ளிக் காட்டில் களையெடுத்துக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடிப் பழகிய பெண்கள் விடுவார்களா? அவரோடு பேச்சுவார்த்தையில்லாத பங்காளி வீட்டு மாதம்மாளே கடைசிச் சரணத்தை எடுத்துக்கொடுத்தாள். அர்த்தனாரியின் பேர் மலையெல்லாம் கேட்டது.

காது மட்டும் வெளுக்கவில்லை. மைக்கையும் அவர் திருப்பித் தரவில்லை.